முகம் தெரியாத அந்தத் தாய்: தோமியேவின் சலவைப் பெண்ணைப் பற்றி ஒரு பதில்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்த சிறிய ஓவியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆற்றிலிருந்து மேலே வரும் கல்படியில் ஒரு பெண் துணிமூட்டையோடு நிற்கிறாள், அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னக் குழந்தை. யதார்த்தவாத ஓவியம் என்கிறார்களே, தாய்க்கும் பிள்ளைக்கும் முகமே இல்லையே, பாதியில் விட்ட படமா என்பது உங்கள் முதல் கேள்வி. அவள் சோகமாக இருக்கிறாளா என்பது இரண்டாவது. நியூயார்க்கிலும் இதே படம் இருக்கிறதே, எது அசல் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முகத்தைக் காட்டாமல் ஒரு தாயைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் உண்மையாக எதையாவது சொல்லிவிட முடியுமா? முடியும் என்பதுதான் என் பதில். நான் ஓவியம் படித்தவன். பல வருடங்களாக மனித உருவம் வரையச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உடலின் கனத்தை எப்படி வரைவது என்று மாணவர்களுக்குக் காட்ட நான் முதலில் எடுக்கும் படங்களில் இதுவும் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சந்தேகமில்லாமல் தெரிந்தவை. ஓவியர் ஒனோரே தோமியே. 1808இல் மர்சேய் நகரில் பிறந்தவர், 1879இல் இறந்தார். ஓர்சேயில் இருக்கும் படம் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. உயரம் அரை மீட்டருக்கும் ஒரு சொட்டு குறைவு, அகலம் அதைவிடவும் குறைவு. நேரில் பார்க்கும்போது இவ்வளவு சின்னதா என்று பலரும் அசந்துபோவார்கள். புத்தகத்தில் பார்க்கும்போது சுவரளவு படம் என்று நினைக்கவைக்கும் உருவம் அது. 1863 வாக்கில் வரைந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்தக் காலத்தில் தோமியேவை ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் ஓவியராக அல்ல, பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரராக. வாழ்நாளில் சுமார் 4000 கல்லச்சுப் படங்கள், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் படங்கள், வரைந்து தள்ளியவர். எண்ணெய் ஓவியம் அவருக்குப் பத்திரிகை வேலை போக மிச்சமிருந்த நேரத்து வேலை.

அவர் வீடு எங்கே இருந்தது என்பது இந்தப் படத்துக்கு ரொம்ப முக்கியம். பாரிஸின் நடுவே சேன் ஆற்றில் இரண்டு தீவுகள் உண்டு. அதில் சிறியது சேன் லூயி தீவு. அதன் வடக்குக் கரையில் ஓடும் சாலைக்கு கே தான்ஜூ என்று பெயர். அங்கே 9ஆம் எண் வீட்டில் 1846 முதல் 1863 வரை தோமியே குடியிருந்தார். வரையும் அறையும் அதே வீட்டின் மேல்மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஆறு, ஆற்றில் சலவைப் படகுகள், படகிலிருந்து மூட்டையோடு மேலே ஏறிவரும் பெண்கள். தினமும் பார்த்த காட்சியைத்தான் வரைந்திருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஆளை எதிரே நிறுத்திவைத்து வரையும் பழக்கம் அவருக்கு இல்லை, நினைவிலிருந்துதான் வரைவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனவே 'இந்தப் பெண் யார், பெயர் என்ன' என்று தேடினால் கிடைக்காது. அப்படி ஒருத்தி தனியாக இருந்தாள் என்று நினைக்கவும் இடமில்லை.

இப்போது முகத்துக்கு வருகிறேன். படத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பின்னணியில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமாக வெயிலில் கிடக்கின்றன. முன்னால் இருக்கும் இருவரும் கருநீலமும் பழுப்புமாக நிழலில் இருக்கிறார்கள். இதை ஓவியரின் நாடகத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாரிஸ் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கே தான்ஜூ தீவின் வடக்கு விளிம்பு. அங்கே படியின் உச்சியில் நின்று ஆற்றைப் பார்த்தால் நீங்கள் வடக்கு நோக்கி நிற்கிறீர்கள். எதிர்க்கரைக் கட்டடங்களின் முகப்பு தெற்கு நோக்கி இருக்கிறது. பகலின் பெரும்பகுதி வெயில் அந்த முகப்புகளில் அடிக்கும், தீவின் இந்தக் கரையோ தன் சொந்த வீடுகளின் நிழலிலேயே கிடக்கும். பிரகாசமான எதிர்க்கரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி உங்களை நோக்கி ஏறிவந்தால், அவள் முகம் உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்திக் கைபேசியில் படம் எடுத்தால் முகம் இருண்டுபோகிறதே, அதே சங்கதி. இந்தத் திசைக் கணக்கு நான் வரைபடத்தை வைத்துப் போட்டது, தோமியே எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்தக் கரையிலேயே பதினேழு வருடம் குடியிருந்தவருக்கு அந்த வெளிச்சம் எப்படி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்திருக்கும். ஆக, முகம் தெரியாமல் இருப்பதுதான் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்த உண்மை. மூக்கையும் கண்ணிமையையும் தெளிவாக வரைந்திருந்தால்தான் அது கற்பனையாகியிருக்கும்.

அந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள் என்று தெரிந்தால் படம் இன்னும் நெருங்கிவரும். சலவைப் படகு என்பது கரையோரமாகக் கட்டிப்போட்ட, கூரை போட்ட மிதவை. பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வரிசையாக இடம் இருக்கும். பெண்கள் அங்கே குனிந்து நின்றோ மண்டியிட்டோ துவைப்பார்கள். அந்த இடத்துக்குக் காசு, வெந்நீருக்குக் காசு, அழுக்கெடுக்கும் காரநீருக்குக் காசு. துணியைக் காரத்தில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, பலகையில் வைத்துத் தட்டையான மரக்கட்டையால் அடித்து, ஆற்றில் அலசி, பிழிவார்கள். பாரிஸில் சேன் ஆற்றின் கரைகள் உயரமான கல்சுவர்கள், சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே நல்ல உயர வித்தியாசம் உண்டு. கீழே போகும்போது துணி காய்ந்திருக்கும், மேலே வரும்போது அதே துணி ஈரமாக இருக்கும். அதாவது இறங்கும்போது லேசான சுமை, ஏறும்போது கனமான சுமை. நாள் முழுவதும் குனிந்து கிடந்த முதுகோடுதான் அந்த ஏற்றத்தை ஏற வேண்டும். தோமியே வரைந்திருப்பது சரியாக இந்த நேரத்தை. துவைப்பதை அவர் வரையவில்லை, துவைத்து முடித்து வீட்டுக்குக் கிளம்பியதை வரைந்திருக்கிறார். ஒரு நாளின் வேலையில் எந்தத் தருணம் உடம்பை அதிகம் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, உடம்பைப் பார்ப்போம். என் வகுப்பில் இந்த இடத்தில்தான் அதிக நேரம் போகும். அவள் ஒரு கக்கத்தில் மூட்டையை இடுக்கியிருக்கிறாள். இன்னொரு கையால் குழந்தையின் கையைப் பிடித்திருக்கிறாள். மேல் உடம்பு குழந்தை இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இடுப்பில் தண்ணீர்க்குடத்தோடு நடந்தவர்களுக்கு இந்தச் சாய்வு உடனே புரியும்: ஒரு பக்கம் கனம் இருந்தால் உடம்பு தானாக மறுபக்கம் சாயும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம். தோமியே அந்தச் சாய்வை எடுத்து அதற்கு இன்னொரு காரணத்தையும் கொடுத்துவிட்டார். அவள் சாய்வது மூட்டையின் கனத்தைச் சமாளிக்க என்றும் சொல்லலாம், குழந்தையைத் தூக்கிவிடக் குனிகிறாள் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே அசைவு. எங்கே உழைப்பு முடிந்து எங்கே அன்பு தொடங்குகிறது என்று அந்த முதுகில் கோடு போட்டுப் பிரிக்கவே முடியாது. இந்த ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் எழுத இடம் உண்டு என்றால் இதைத்தான் எழுதுவேன்.

அப்புறம் குழந்தையின் கால். பெரியவர்களுக்காகக் கட்டிய படி அது. குழந்தைக்கு அந்தப் படி கிட்டத்தட்ட முழங்கால் உயரம். ஒரு காலை மேலே வைத்தாயிற்று, உடம்பின் கனம் இன்னும் கீழ்க்காலில் இருக்கிறது, கையைப் பிடித்த பிடியில்தான் அடுத்த நொடி மேலே வரவேண்டும். தலை குனிந்திருக்கிறது. படியைத்தான் பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கவில்லை. இந்த வயதுக் குழந்தை படியேறும்போது இப்படித்தான் ஏறும், முழுக் கவனமும் காலில் இருக்கும். அவள் தலையும் குழந்தையின் பக்கம் தாழ்ந்திருக்கிறது. இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும் யாருக்கும் சீக்கிரம் மேலே போய்விட வேண்டும் என்றுதான் இருக்கும். அவளோ தன் வேகத்தை விட்டுவிட்டு, குழந்தையின் வேகத்துக்கு வந்துவிட்டாள். இதையெல்லாம் நான் படித்துக் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள், ஒரு தாளில் அந்த இரண்டு உருவங்களின் வெளிக்கோட்டை மட்டும் பார்த்து வரைந்து பாருங்கள், உங்கள் கையே சொல்லிவிடும். கண்ணும் மூக்கும் இல்லாமலே அவள் என்ன நினைக்கிறாள் என்று அந்த வெளிக்கோட்டில் தெரிகிறது.

குழந்தையின் இன்னொரு கையில் ஒரு கட்டை இருக்கிறதே, கவனித்தீர்களா? பலர் அதைப் பொம்மை என்று நினைக்கிறார்கள். இல்லை, துணி அடிக்கும் கட்டைதான் அது, இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு என்ன பொருள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அம்மாவின் இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் குழந்தையிடம் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்பது ஒரு பார்வை. நாளைக்கு இந்தக் குழந்தையும் இதே படியில் இதே மூட்டையோடு ஏறப்போகிறது என்று ஓவியர் சொல்கிறார் என்பது இன்னொரு பார்வை. இரண்டாவதைத்தான் புத்தகங்களில் அதிகம் பார்ப்பீர்கள். எனக்கு முதலாவதே போதும் என்று படுகிறது, ஏனென்றால் முதலாவதிலிருந்தே இரண்டாவது தானாக வந்துவிடும். தொழில் செய்யும் வீட்டில் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொள்வது இப்படித்தானே, 'இதைக் கொஞ்சம் பிடி' என்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கும். குழந்தை ஆணா பெண்ணா என்றும் சிலர் விவாதிக்கிறார்கள். படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து பிரான்ஸில் சிறு வயதில் பையன்களுக்கும் கவுன் போடும் வழக்கம் இருந்ததால் உடையை வைத்தும் தீர்மானிக்க முடியாது.

முடிக்காத படமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். தோமியே முடிக்காமல் விட்ட படங்கள் நிறைய உண்டு. அவர் இறந்தபின் மற்றவர்கள் கைவைத்து 'முடித்துவைத்த' படங்களும் உண்டு என்பதால் அவர் ஓவியங்களை ஆராய்பவர்கள் எப்போதும் எச்சரிக்கையோடுதான் பேசுவார்கள். உதாரணமாக, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி ஓவியம் முடியாத ஒன்று. பெரிதாக்கி வரைவதற்காகப் போட்ட கட்டக்கோடுகள்கூட அதில் தெரியும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாய் அதிலும் உண்டு. ஆனால் சலவைப் பெண் அந்த வகையில் சேராது. இதே காட்சியை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார், நியூயார்க்கில் இருப்பதில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் முகத்தை இப்படியேதான் விட்டிருக்கிறார். ஒருமுறை விட்டால் நேரமில்லை எனலாம். ஒவ்வொரு முறையும் விட்டால் அது அவர் எடுத்த முடிவு.

யதார்த்தவாதம் என்று பெயர் வந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போட்டோ மாதிரி அச்சு அசலாக இருக்கும் ஓவியத்தைத்தான் நாம் பேச்சுவழக்கில் ரியலிஸ்டிக் என்போம். 1850களில் பிரான்ஸில் கூர்பே போன்ற ஓவியர்கள் அந்தப் பெயரை வைத்துச் சண்டை போட்டது வேறு விஷயத்துக்காக. எதை வரையலாம் என்பதுதான் சண்டை. தேவதைகள், அரசர்கள், பைபிள் காட்சிகள், புராண வீரர்கள் ஆகியோருக்கு மட்டுமே பெரிய ஓவியத்தில் இடம் என்றிருந்த காலத்தில், கல்லுடைப்பவனுக்கும் உழவனுக்கும் துணி வெளுப்பவளுக்கும் அதே மரியாதையோடு இடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நுணுக்கமான தூரிகை வேலை அந்தக் கூட்டத்தில் சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. தோமியேவிடம் இல்லை. அந்த மரியாதை அவரிடம் இருக்கிறதா என்று கேட்டால், அந்தப் பெண் படத்தில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று மட்டும் பாருங்கள். எதிர்க்கரைக் கட்டடங்களெல்லாம் அவளுக்குப் பின்னால் சிறுத்துப்போய்விட்டன. களிமண்ணில் உருவம் பிடித்துப் பழகிய கை அவருடையது. நாடாளுமன்ற ஆட்களைக் கிண்டல் செய்து அவர் செய்த 36 சிறிய களிமண் தலைகளும் இதே ஓர்சேயில்தான் இருக்கின்றன. அந்தக் கைக்கு விளிம்பும் கனமும் போதும், முகச்சாயல் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி, அவள் சோகமாக இருக்கிறாளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. களைத்திருக்கிறாள், அது தெரிகிறது. களைப்பையும் சோகத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தோமியே நன்றாக அறிந்தவர் என்பதற்கு அவருடைய இன்னொரு படமே சாட்சி. 1850களின் தொடக்கத்தில் 'சுமை' என்ற பெயரில் இதே விஷயத்தைப் பல முறை வரைந்தார். அதில் பெரியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். அதிலும் சலவைப் பெண்தான், மூட்டைதான், குழந்தைதான். ஆனால் அங்கே காற்று எதிர்த்து அடிக்கிறது. மூட்டை அவளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. குழந்தை அவள் பாவாடையை ஒட்டி ஓடிவருகிறது, அதன் கையைப் பிடிக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. அதைப் பார்த்தால் மனம் கலங்கும். பத்து வருடம் கழித்து அதே பெண்ணை வரையும்போது காற்றை நிறுத்திவிட்டார், மூட்டையை ஒரு கக்கத்துக்கு மாற்றிவிட்டார், ஒரு கையை விடுவித்துக் குழந்தையிடம் கொடுத்துவிட்டார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இதை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நிரூபிக்க முடியாது. தன் ஓவியங்களைப் பற்றி அவர் எழுதிவைத்தது அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் படங்கள் அப்படித்தான் மாறியிருக்கின்றன.

இது அரசாங்கத்துக்கு எதிரான படம், ஏழைகளின் நிலையைக் கண்டித்து வரைந்தது என்றும் சில இடங்களில் படித்திருப்பீர்கள். இதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. கண்டிக்க வேண்டும் என்றால் தோமியே எப்படிக் கண்டிப்பார் என்று நமக்குத் தெரியும். மன்னர் லூயி பிலிப்பை, மக்கள் பணத்தை விழுங்கும் பூதமாக 1831இல் வரைந்து, அதற்காக 1832இல் சிறைக்குப் போனவர் அவர். 1834இல் பாரிஸின் திரான்ஸ்னொனேன் தெருவில் ராணுவம் ஒரு வீட்டுக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றபோது, அந்தப் படுக்கையறையைக் கல்லச்சில் வரைந்தார். இரவு உடையோடு தகப்பன் தரையில் செத்துக் கிடக்கிறான், அவன் உடம்புக்குக் கீழே நசுங்கி ஒரு கைக்குழந்தை. அதைப் பார்த்த யாருக்கும் ஓவியர் யார் பக்கம் என்பதில் சந்தேகம் வராது. சலவைப் பெண்ணில் அந்தக் குற்றச்சாட்டின் குரல் இல்லை. யாரையும் சுட்டிக்காட்டவில்லை. அவளை நன்றாகப் பார்த்திருக்கிறார், நம்மையும் பார்க்கச் சொல்கிறார். அதுவும் அரசியல்தான் என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்கமாட்டேன், ஆனால் அது வேறு வகை அரசியல்.

தாய் என்ற உருவம் அவர் மனதில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பார்க்க, ஓர்சேயிலேயே இருக்கும் இன்னொரு படத்தைச் சொல்ல வேண்டும். 1848 புரட்சிக்குப் பிறகு புதிய குடியரசை உருவகமாக வரைய அரசாங்கம் ஒரு போட்டி வைத்தது. தோமியேவும் ஒரு மாதிரிப் படம் அனுப்பினார். மற்றவர்கள் வாளும் மகுடமும் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் வரைந்த குடியரசு பலசாலியான ஒரு தாய். கையில் கொடி. மார்பில் இரண்டு பெரிய பிள்ளைகள் பால் குடிக்கிறார்கள், மூன்றாவது பிள்ளை காலடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறது. அடுத்த சுற்றுக்குத் தேர்ந்தெடுத்த இருபது படங்களில் அது பதினோராவது. பெரிய அளவில் அதை வரைந்து தர வேண்டும் என்றிருந்தும் அவர் கடைசிவரை வரையவில்லை. அந்தத் தாயின் தோளையும் கழுத்தையும் பார்த்துவிட்டு வந்து சலவைப் பெண்ணைப் பாருங்கள். அதே உடற்கட்டு. சிம்மாசனத்தில் இருந்தவள் எழுந்து ஆற்றுக்குப் போய் வேலை செய்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும். இது என் சொந்த வாசிப்பு. ஓவியர் அப்படி நினைத்தார் என்று எங்கும் ஆதாரம் இல்லை.

தன் சொந்தச் சோகத்தைத்தான் அவர் இதில் வரைந்திருக்கிறார் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் மனைவி அலெக்சாந்திரின் தையல் வேலை செய்தவர், அவர்களுடைய ஒரே மகன் சின்ன வயதிலேயே இறந்துவிட்டான், இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை இந்தப் படத்தோடு முடிச்சுப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. படம் வரைந்த வருடங்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது வேறொன்று: அவர் கேலிச்சித்திரம் வரைந்துவந்த லெ ஷாரிவாரி பத்திரிகை அவரை 1860இல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. 1863 கடைசியில்தான் திரும்பக் கூப்பிட்டது. அந்தப் பத்திரிகை வருமானம் நின்றுபோன அந்த மூன்று வருடங்களில்தான் தூரிகைக்கு அவருக்கு அதிக நேரம் கிடைத்தது. கையில் பணமில்லை, ஜன்னலுக்கு வெளியே காட்சி இருந்தது. இதற்கு மேல் கதை கட்டத் தேவையில்லை.

அதே காலத்தில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மிலே வரைந்த தாய்களையும் நீங்கள் பார்க்க வேண்டும். லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஓவியத்தில், வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மூன்று குழந்தைகளுக்குத் தாய் கரண்டியால் ஊட்டுகிறாள், தூரத்தில் தகப்பன் நிலத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறான். அழகான படம், எனக்குப் பிடித்த படமும்கூட. ஆனால் அங்கே தாய்மை என்பது வேலையிலிருந்து தனியாக எடுத்துவைத்த நேரம். ஊட்டும் நேரத்தில் அவள் வேறெதுவும் செய்யவில்லை. நகரத்துக் கூலிப் பெண்ணுக்கு அந்தத் தனி நேரம் கிடைக்காது என்பதைத் தோமியே பார்த்திருக்கிறார். இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கால பிரெஞ்சுப் படங்களில் சலவைப் பெண் என்றாலே கவர்ச்சிக்கான ஆளாக, கை மடித்துவிட்டு, தோள் தெரிய, சிரித்துக்கொண்டு நிற்பவளாகக் காட்டும் பழக்கம் பரவலாக இருந்தது. கேலிச்சித்திரம் வரைந்தே பிழைத்த ஒருவர் அந்தச் சுலபமான வழியில் போகாமல் இருந்ததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பின்னால் ஓவியர் தெகா தேய்ப்புப் பெட்டியோடு நிற்கும் பெண்களை வரைந்தபோது அவர்களும் களைத்த தொழிலாளிகளாகவே வந்தார்கள். தெகா தோமியேவின் கல்லச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்துவைத்திருந்தவர்.

கடைசியாக, எது அசல் என்ற கேள்வி. மூன்றுமே அசல்தான். ஒன்று ஓர்சேயில், ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில், இவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூன்றாவது அமெரிக்காவின் பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது மற்ற இரண்டையும்விடச் சிறியது, முந்தியது என்றும் கருதப்படுகிறது. மூன்றும் தோமியேவின் கைவேலை, ஒன்றைப் பார்த்து வேறு யாரோ எடுத்த நகல்கள் அல்ல. நியூயார்க் படத்தில் வருடமும் எழுதியிருக்கிறது, ஆனால் கடைசி இலக்கம் சரியாகப் படிக்க முடியாததால் 1863 என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடுதான் போடுவார்கள். 1861ஆம் ஆண்டு சலோன் எனப்படும் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியில் தோமியே ஒரு சலவைப் பெண் ஓவியத்தை வைத்தார் என்பதும் பதிவில் உண்டு. ஓர்சேக்கு மறுபடி போக வாய்த்தால், பலகைக்குக் கிட்டே போய் நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல் நாலைந்து அடி பின்னால் வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நிறங்கள் மங்கி இரண்டே திட்டுகள் மிஞ்சும், வெளிச்சம் ஒன்று, இருட்டு ஒன்று. அந்த இருட்டுத் திட்டின் விளிம்பைத் தலையில் தொடங்கித் தோள் வழியாகக் குழந்தையின் கை வரை கண்ணால் பின்தொடருங்கள். அது முடிந்ததும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கும் 1848 குடியரசுப் படத்தையும் களிமண் தலைகளையும் தேடிப் பாருங்கள், மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.